வென்றவர் நடந்து போன வீடு: பேரறிஞர் அண்ணாவின் வாழ்வில் ஓர் அத்தியாயம்

நம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு மலரில் பேரறிஞர் அண்ணாவைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மலர்க் குழுவிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. காயிதே மில்லத் அவர்களைப் பற்றி எழுதலாமே, அவர்தானே நம்மவர் என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். காயிதே மில்லத் இந்தக் கட்டுரையிலும் வருகிறார். ஆனால் தமிழ் முஸ்லிம்களின் மீலாது விழா மேடைகளில் நம் ஆலிம்களுக்கு அடுத்தபடியாக அதிகம் கேட்கப்பட்ட குரல் யாருடையது என்று அக்காலத்துப் பெரியவர்களிடம் கேட்டால், தயங்காமல் அண்ணாவின் பெயரைத்தான் சொல்வார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைப் பற்றித் தமிழகத்தின் ஊர் ஊராகப் பேசியவர் அவர். அந்த உரிமையில் இந்த மலரில் அவருக்கு ஓர் இடம் உண்டு.

அவருடைய முழு வாழ்க்கையையும் எழுத நமக்கு ஆசையில்லை, இடமும் இல்லை. 1967ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு பயணத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறோம். அதை விளங்கிக்கொள்ள முன்கதை கொஞ்சம் வேண்டும்.

காஞ்சிபுரத்தில் 1909 செப்டம்பர் 15 அன்று எளிய குடும்பத்தில் பிறந்தார் அண்ணாதுரை. தாயார் பங்காரு அம்மாள். வளர்த்தது சிறிய தாயார் இராசாமணி அம்மையார்; அவரைத் தொத்தா என்று அழைப்பார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தோடு அரசு அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1934இல் திருப்பூரில் நடந்த ஒரு மாநாட்டில் ஈ.வெ.ரா. பெரியாரைச் சந்தித்தார். அதோடு அவர் வாழ்வின் திசை மாறிவிட்டது. ஈரோட்டுக்குப் போனார், பெரியாரின் ஏடுகளில் எழுதினார், மேடைகளில் பேசினார், 1938 இந்தி எதிர்ப்பில் சிறை சென்றார். 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் சென்று ஜின்னாவையும் அம்பேத்கரையும் சந்தித்தபோது உடன் சென்றவர் அண்ணாதான். பெரியாருக்கு அவரைவிட முப்பது வயது அதிகம். தலைவர், தொண்டர் என்பதைவிடத் தந்தை, மகன் என்று சொன்னால்தான் அந்த உறவு சரியாக விளங்கும்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையே விரிசல் விழத் தொடங்கியது 1947இல். ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தார். வெள்ளையன் வெளியேறும் நாள் இன்ப நாளே என்று அண்ணா எழுதினார். அந்த வேறுபாடு ஆறியது போலத் தோன்றியது, ஆறவில்லை. 1949 ஜூலையில் எழுபதை நெருங்கிய பெரியார் தம்மைவிட மிகவும் இளையவரான மணியம்மையாரை மணந்துகொண்டார். தமக்குப் பின் இயக்கத்தையும் அதன் சொத்துகளையும் காக்க வாரிசு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். இத்தனை ஆண்டுகள் உழைத்த நம்மில் ஒருவர்மீதும் நம்பிக்கை இல்லையா என்று அண்ணாவும் அவரைச் சேர்ந்தவர்களும் மனம் நொந்தார்கள். கண்ணீர் சிந்தி விலகுவதாக அண்ணா எழுத, பெரியார் அதையே பிடித்துக்கொண்டு அவர்களுக்குக் கண்ணீர்த்துளிகள் என்று பட்டப்பெயர் சூட்டினார். பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பெயராலேயே அவர்களை ஏசினார்.

1949 செப்டம்பர் 17 அன்று சென்னை இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. செப்டம்பர் 17 பெரியாரின் பிறந்தநாள். கட்சிக்குத் தலைவர் என்று ஒருவரை அண்ணா வைக்கவில்லை. அந்த நாற்காலி பெரியாருக்குரியது, காலியாகவே இருக்கும் என்று சொல்லிவிட்டுத் தாம் பொதுச்செயலாளராக இருந்தார். இது அரசியல் தந்திரம் என்றவர்களும் உண்டு. தந்திரம் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் வெறும் தந்திரத்துக்காகப் பதினெட்டு ஆண்டுகள் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருப்பது கடினம் என்பது நம் கருத்து.

அடுத்த ஆண்டு, 1950இல், இருவரையும் அரசு தண்டித்தது: பெரியாரை ஒரு நூலுக்காக, அண்ணாவை வேறொரு நூலுக்காக. இருவரும் அடைக்கப்பட்டது திருச்சிச் சிறையில். வெளியே இருந்த பிரிவு அந்தச் சுவர்களுக்கு உள்ளேயும் பிரிவாகவே இருந்தது.

பிறகு தேர்தல்கள் வந்தன. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் பெரியார் அவரைப் பச்சைத் தமிழர் என்று கொண்டாடினார். 1957, 1962, 1967 என்று மூன்று பொதுத்தேர்தல்களிலும் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டார். எதிரே நின்றது தாம் வளர்த்த பிள்ளை. 1957இல் அண்ணாவின் கட்சி 15 இடங்களைப் பெற்றது. 1962இல் 50 ஆனது. ஆனால் அந்தப் பழைய பதினைவரில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் தோற்றார்கள். தோற்றவர்களில் அண்ணாவும் ஒருவர், அதுவும் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில், ஒரு பேருந்து முதலாளியிடம். அந்தத் தேர்தலில் பணம் விளையாடியதாகக் கழகத்தார் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். அதே ஆண்டு காயிதே மில்லத் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியில் வென்று மக்களவைக்குப் போனார். 1949இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காக வாதாடிய காயிதே மில்லத்தும், இந்தித் திணிப்பை எதிர்த்து மாநிலங்களவையில் முழங்கிய அண்ணாவும் அந்த நாட்களில் தில்லியில் இருந்தார்கள்.

1967 தேர்தல் நாற்பது ஆண்டுகளில் தமிழகம் கண்ட தேர்தல்களில் மிகக் கசப்பானது என்று சொன்னால் மிகையாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. தீக்குளித்து மாண்டவர்களும் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பெரியார் கண்டித்தார். இந்தியை எதிர்த்து முதல் குரல் கொடுத்தவரே கண்டித்ததை மாணவர்களால் பொறுக்க முடியவில்லை. அரிசிப் பஞ்சம் வேறு. போதாக்குறைக்கு 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். சுட்டவர் நடிகர் எம்.ஆர். ராதா; அவர் பெரியாரின் பற்றாளர் என்பது ஊரறிந்த செய்தி. கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் இருக்கும் படம் சுவர் சுவராக ஒட்டப்பட்டது. இரு தரப்புத் தொண்டர்களும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத காலம் அது.

அண்ணா அமைத்த கூட்டணியும் விசித்திரமானது. ஒரு காலத்தில் அவர் மேடை மேடையாகச் சாடிய ராஜாஜி, சுதந்திராக் கட்சியுடன் அவர் பக்கம் வந்தார். மார்க்சிஸ்டுகள் வந்தார்கள். காயிதே மில்லத் தலைமையில் முஸ்லிம் லீக் வந்தது. 1946 தேர்தலில் காங்கிரசை எதிர்த்து நின்று, சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தவர் காயிதே மில்லத். அப்போது மறுபக்கத்து முகாமில் இருந்தவர் ராஜாஜி. இருபது ஆண்டுகளுக்குப் பின் இருவரும் ஒரே அணிக்கு வாக்குக் கேட்டார்கள். நம் சமுதாயத்து மக்கள் திரளாகச் சென்று அந்த அணிக்கு வாக்களித்தார்கள்.

முடிவு வந்தபோது காங்கிரஸ் வீழ்ந்தது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அந்தச் செய்தி அண்ணாவை மகிழ்விக்கவில்லை என்று உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அண்ணா தென் சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்தார். முதலமைச்சர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

இனிதான் நாம் சொல்ல வந்த பயணம்.

பதவியேற்பு மார்ச் 6 என்று முடிவாகியிருந்தது. அமைச்சரவைப் பட்டியல், ஆளுநர் மாளிகை, வாழ்த்துச் சொல்ல வருகிற கூட்டம், தந்திகள் என்று ஆயிரம் வேலை. அதை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு அண்ணா திருச்சிக்குப் புறப்பட்டார். உடன் நெடுஞ்செழியன், கருணாநிதி. போன இடம் பெரியார் தங்கியிருந்த இல்லம். சில நாட்களுக்கு முன்புவரை எந்த மனிதர் கழகத்தைத் தோற்கடியுங்கள் என்று ஒவ்வொரு மேடையிலும் கேட்டாரோ, அந்த மனிதரிடம்.

அந்தப் பயணம் எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். தோற்றவர் வென்றவரைத் தேடிப் போவது உலக வழக்கம். வென்றவர் போவது அரிது. போனால் தொண்டர்கள் என்ன நினைப்பார்கள்? சிறை சென்றவனும் அடிபட்டவனும் நம் ரத்தத்தை விற்றுவிட்டார் என்று சொல்ல மாட்டானா? கூட்டணியில் துணை நின்ற ராஜாஜிக்கும் இது உவப்பாக இருந்திருக்க முடியாது. அரசியலில் பெரியாரை நெடுங்காலம் எதிர்த்தவர் அவர். இவ்வளவும் அண்ணாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போனார்.

அந்த வீட்டில் நீண்ட பேச்சு எதுவும் நடக்கவில்லை. இரு பக்கமும் நெகிழ்ந்து போயிருந்தார்கள். பழைய கணக்குகளை யாரும் எடுக்கவில்லை. யார் சொன்னது சரி, யார் முதலில் ஏசினார் என்ற விசாரணை இல்லை. பெரியாருக்கு அப்போது வயது 87. அண்ணா வந்து நின்றபோது தமக்குக் கூச்சமாகிவிட்டது, நிமிர்ந்து முகம் பார்க்கவே வெட்கமாக இருந்தது என்று பின்னர் அவரே வெளிப்படையாகச் சொன்னார். எவருக்கும் அஞ்சாதவர், எவரையும் தாட்சண்யமின்றிப் பேசுகிறவர் என்று பெயர் பெற்ற மனிதர் அவர். அவரைக் கூச வைத்தது ஒரு வருகை.

மணியம்மையாரும் அந்த இல்லத்தில் இருந்தவர்தான். எந்தத் திருமணத்தைக் காரணம் காட்டிப் பிரிந்தார்களோ அந்தத் திருமணத்தின் வீட்டு வாசலைத்தான் அண்ணா மிதித்தார். இந்தச் சிறு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நமக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சந்திப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. இந்த அமைச்சரவையே பெரியாருக்குக் காணிக்கை என்று அண்ணா சட்டமன்றத்தில் அறிவித்தார். புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்தார். பெரியார் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்தது அது. பெரியாரும் தம் ஏட்டில் கழக ஆட்சியை ஆதரித்து எழுதத் தொடங்கினார். கண்ணீர்த்துளி என்ற சொல் அதிலிருந்து காணாமல் போயிற்று.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். சமாதானம் ஆனபின் அண்ணா பெரியாராக மாறிவிடவில்லை. கடவுள் மறுப்பு பெரியாரின் வழி. மனித குலம் ஒன்று, இறைவன் ஒருவன் என்பது அண்ணா தம் கட்சிக்கு வகுத்த வழி. நம் மீலாது மேடைகளில் அவர் குரல் அவ்வளவு இயல்பாக ஒலித்ததற்கும் அதுவே காரணம். 1967க்கு முன்பும் அதைச் சொன்னார், பின்பும் அதையே சொன்னார். ஒருவர் வீட்டுக்குப் போய் வந்தால் அவருடைய கொள்கை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டதாகப் பொருளில்லை. நம்மவர் பலர் சந்திப்பதற்கே தயங்குவது இந்த அச்சத்தால்தான்.

இங்கே நம் சங்கத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலரில் இது வேண்டாம் என்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதுகிறோம். செர்டாங் புதுக்கிராமம் என்று பெரியவர்கள் இன்றும் வாய் தவறிச் சொல்லும் இந்த ஸ்ரீ கெம்பாங்கானில், ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இரண்டு அணிகள் போட்டியிட்டன. வித்தியாசம் நான்கே வாக்குகள். மறுபடி எண்ண வேண்டும் என்றது ஒரு பக்கம், எண்ணியது எண்ணியதுதான் என்றது மறுபக்கம். நாற்காலிகள் தள்ளப்பட்டன. ஒரு சாரார் எழுந்து போனார்கள். அதன்பின் ஒன்பது ரமலான்கள் இங்கே இரண்டு இடத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சினார்கள். மீலாது விழாவும் இரண்டு. அண்ணன் தம்பி உறவுமுறைக்காரர்கள் பசாரில் எதிரெதிரே வந்தால் சாலையைக் கடந்து போனார்கள். நாமும் அதில் ஒரு பக்கத்தில் இருந்தவர்கள்தான். அந்த நான்கு வாக்குகளில் ஒன்று நம்முடையது.

பத்தாம் ஆண்டு, எதிரணியில் நின்ற பெரியவரின் துணைவியார் மறைந்தார். அன்று அசருக்குப் பின் ஜனாஸாத் தொழுகைக்கு ஸஃப்பு கட்டும்போது, வென்ற அணியின் தலைவர் யாருக்கும் சொல்லாமல் வந்து அவர் தோளோடு தோள் ஒட்டி நின்றார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தபின் இருவரும் கை பற்றிக்கொண்டார்கள். என்ன பேசினார்கள் என்பது நமக்குக் கேட்கவில்லை. அடுத்த ரமலானில் கஞ்சிச் சட்டி ஒன்றுதான். இருவரும் இன்று மர்ஹூம்கள். அல்லாஹ் இருவருக்கும் சுவனத்தை அருள்வானாக. எழுந்து போனவர்களில் சிலர் கடைசிவரை திரும்பவில்லை என்பதும் உண்மை. அவர்கள் எடுத்த நிதியும் உழைப்பும் நம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளின் படங்களும் இந்த மலரில் வர வேண்டும் என்று கேட்டோம். சேர்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டு அரசியலிலும் இதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. 1969 தேர்தலில் கடுமையாக மோதிக்கொண்ட கட்சிகளில் கெராக்கானும் பாஸ் கட்சியும் சில ஆண்டுகளில் துன் அப்துல் ரசாக்கின் தேசிய முன்னணியில் ஒன்றாக அமர்ந்தன. அது நிலைத்ததும் நிலைக்காததும் வேறு கதை.

அண்ணாவுக்கு நம் மண் புதிதல்ல. 1965இல் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பேசிப் போயிருந்தார். பெரியாரும் 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்தவர். அந்த இருவரின் சண்டையும் கப்பலேறி இங்கே வந்தது. தோட்டத்துப் படிப்பகங்களிலும் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகளிலும் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது சென்னையிலிருந்து வந்த முதலமைச்சர் பக்தவத்சலம். 1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாவது மாநாட்டை நடத்திய முதலமைச்சர் அண்ணா. இரண்டு மாநாடுகளுக்கும் நடுவில் ஓர் ஆட்சியே மாறியிருந்தது.

ஆட்சியில் அவர் இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டும் தீர்மானம் 1967 ஜூலை 18 அன்று நிறைவேறியது. இருமொழிக் கொள்கை 1968 ஜனவரியில் வந்தது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. பணமில்லாமல் மற்ற ஊர்களுக்குப் போகவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. அமைச்சரவையில் மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கவனித்தவர் நம்மவர் சாதிக் பாட்சா.

1968 செப்டம்பரில் அண்ணாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நியூயார்க்கில் அறுவை சிகிச்சை நடந்தது. அங்கே உடல் தேறி வந்த நாட்களில் பெரியாருக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரியார் அப்போது தம் வாழ்நாள் உழைப்பெல்லாம் பயனற்றுப் போனதோ என்று சோர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவர், ஊரில் நலமாக இருந்த முதியவருக்கு ஆறுதல் எழுதினார்: உங்களைப் போல் தம் கண்முன்னே பலன் கண்ட சீர்திருத்தக்காரர் வேறு யாரும் இல்லை என்ற கருத்தில். அவர்கள் பேசாமல் கழிந்தது பதினெட்டு ஆண்டு. பேசிக் கழிந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

நோய் மீண்டும் வந்தது. 1969 பிப்ரவரி 3 அன்று, ஐம்பத்தொன்பதாம் வயதில், சென்னை அடையாற்றில் அண்ணா காலமானார். இராஜாஜி மண்டபத்தில் உடலை வைத்திருந்தார்கள். உலகம் அதுவரை கண்டிராத கூட்டம் என்று எழுதினார்கள். தாம் முப்பது வயது மூத்தவராக இருந்தும் இளையவரை அடக்கம் செய்ய வேண்டி வந்ததே என்ற துயரத்தோடு பெரியார் வந்தார். காயிதே மில்லத் 1972 ஏப்ரல் 5 அன்று மறைந்தார். பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று.

அண்ணா மறைந்த செய்தி வானொலியில் வந்த அன்று செர்டாங்கில் நம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை மூடியிருந்ததாக முதல் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடைக்காரர் அண்ணா கட்சி. அடுத்த கடை முடிதிருத்தும் நிலையம். அவர் பெரியார் கட்சி. பல ஆண்டுகள் இருவருக்கும் பேச்சு கிடையாது. அன்று அவரும் கடையைத் திறக்கவில்லையாம். இரண்டு பேரும் ஐந்தடிப் பாதையில் ஒரே பலகையில் உட்கார்ந்து, பக்கத்துச் சீனர் கடையிலிருந்து கோப்பி வாங்கி வரச் சொல்லிக் குடித்தார்களாம்.